மைக்கைக் குறைத்தவன் பாஸ்டருக்கு எழுதுவது

அன்புள்ள பாஸ்டர்,

ஸ்தோத்திரம்.

நேற்றோடு ஒரு வருஷம். எதற்கு ஒரு வருஷம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் செயலாளர் அண்ணனிடம் நான் கொடுத்த கடிதத்தில் மூன்றே வரிகள்தான். சவுண்ட் ஊழியத்திலிருந்து விலகுகிறேன், உறுப்பினர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், இத்தனை வருஷ அன்புக்கு நன்றி. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஞாயிறு ஆராதனையில், "பின்மாறிப் போகிறவர்களுக்காக ஜெபிப்போம்" என்று சொன்னீர்களாம். பெயர் சொல்லவில்லையாம். சொல்லாமலே எல்லாரும் பின்னால் திரும்பி சவுண்ட் மேஜையைப் பார்த்தார்களாம்.

நான் பின்மாறவில்லை பாஸ்டர். இன்று காலையும் ஜெபித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பொதுவில் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். அவிசுவாசிகள் முன்பாகவா வழக்குக்குப் போவது என்று பவுல் கொரிந்தியரைக் கேட்டதை எடுத்துக் காட்டுவீர்கள். அதே இடத்தில், சகோதரருக்குள்ள வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகிகூட இல்லையா என்றும் அவர் கேட்கிறார். அதையும் சேர்த்து வாசியுங்கள். உங்கள் பெயரோ சபையின் பெயரோ இதில் இல்லை. ஊகிக்கிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கிறிஸ்தவரல்லாத நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: சபை என்றாலே இப்படித்தான் என்று இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நான் என் வீட்டைப் பற்றிப் பேசுகிறேன், வீட்டை இடிக்க அல்ல.

பணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. உதவி நிதி தவறான இடத்துக்குப் போனது என்று நான் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. தெரியாததை எழுதக் கூடாது. ஒரு கேள்வி வந்தது, கேட்டவரை நாம் நடத்திய விதம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். "நாம்" என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மேடையிலிருந்து நீங்கள் பார்த்தது வேறு. பின்னாலிருந்து நான் பார்த்தது இது.

வருடாந்தரக் கூட்டத்தின் கடைசியில், "யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றீர்கள். எல்லா வருஷமும் கேட்பீர்கள், எல்லா வருஷமும் யாரும் கை தூக்கமாட்டார்கள், உடனே ஸ்தோத்திரம் சொல்லி முடித்துவிடுவோம். அன்று பெரியம்மா கை தூக்கினார். (நமக்கு எந்த உறவும் இல்லாவிட்டாலும் சபையில் பாதிப்பேர் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். சனிக்கிழமைதோறும் வந்து ஒவ்வொரு நாற்காலியையும் துடைத்துவைப்பவர். அவருக்கு இது யாரும் கொடுத்த பொறுப்பு அல்ல.) கார்ட்லெஸ் மைக் கைமாறிக் கைமாறி அவரிடம் போனது. பழக்கமில்லாதவர், வாயிலிருந்து எட்டப் பிடித்தார். சத்தம் வரவில்லை. மிக்சரில் நான்காவது சேனலை நான் கூட்டினேன். சாட்சி சொல்கிறவர்களுக்கு எப்போதும் செய்வதுபோலவே.

"புருஷனை இழந்த சகோதரிகளுக்குன்னு எடுத்த காணிக்கையை யார் யாருக்குக் கொடுத்தீங்க பாஸ்டர்? எனக்கு வேண்டாம். என் பக்கத்துல உக்கார்ற பிள்ளை ஆறு மாசமா கேட்டுட்டு இருக்கு, அதுக்குக் கேக்கக் கூச்சம்..."

முதலில் நீங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். பிறகு கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தீர்கள். பிரசங்க பீடத்தின் மேல் இருந்த கையில் இரண்டு விரல்கள் மட்டும் கீழே தாழ்ந்தன. அந்தச் சைகையை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் உண்டாக்கினோம், ஜெபம் தொடங்கும்போது கீபோர்டைத் தணிப்பதற்காக. நான் யோசிக்கவே இல்லை. நான்காவது சேனலை இறக்கிவிட்டேன்.

அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அப்புறம் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பின்னால் திரும்பி, என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "பேட்டரி போயிடுச்சா தம்பி?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இதை உங்களிடம்கூட நான் சொன்னதில்லை. அந்தத் தலையாட்டலை நீங்கள் கேட்கவில்லை. அது முழுக்க என்னுடையது. சேனலை இறக்கியதற்கு உங்கள் இரண்டு விரல்களைக் காட்டலாம், அந்தப் பொய்க்கு யாரையும் காட்ட முடியாது. பேட்டரி அன்று காலைதான் மாற்றியது.

அதற்குப் பிறகு நீங்கள் பேசியது, "முறுமுறுக்கிற ஆவி" என்றது, வனாந்தரத்தில் முறுமுறுத்து அழிந்துபோன இஸ்ரவேலரை உதாரணம் காட்டியது, உடனே பாட்டை எடுக்கச் சொன்னது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். பெரியம்மா மைக்கை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்றார். யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொள்ள யாரும் போகவில்லை.

ஏன் செய்தேன் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் என்றால் சுலபமாக இருக்கும். அது பயம் இல்லை. அப்பா ஐசியூவில் இருந்த நாட்களில் வெளியே வராந்தா பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தது யார்? என் சொந்த அண்ணன் இரண்டாம் நாளே கிளம்பிவிட்டான். நீங்கள் பதினோரு ராத்திரிகள் இருந்தீர்கள். ஒரு ராத்திரி உங்கள் தோளிலேயே தூங்கிவிட்டேன், விடியும்வரை நீங்கள் அசையவில்லை. உங்களை நடத்துகிறவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்காக விழித்திருக்கிறார்கள் என்று எபிரெயரில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வரும். இன்றும் வருகிறது. உங்களைப்போல யாரும் எனக்கு மேய்ப்பராய் இருந்ததில்லை. அதை எழுதாமல் மற்றதை மட்டும் எழுதினால் நான் அநியாயக்காரன்.

ஆனால் அந்த ராத்திரிகளில் அப்பா உங்களிடம் தனியாகச் சொன்னதை இரண்டு மாதம் கழித்துப் பிரசங்கத்தில் சொன்னீர்களே பாஸ்டர். "மரணப் படுக்கையில் ஒரு விசுவாசி என் கையைப் பிடித்துக்கொண்டு..." என்று. பெயர் சொல்லவில்லை. நீங்கள் ஒருபோதும் பெயர் சொல்வதில்லை. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அதை அப்போதே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். பதினோரு ராத்திரிகளை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கடனைத்தான் வருஷக்கணக்காய் அடைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அன்று மிக்சரில் அடைத்தது ஒரு தவணை. அதை என் கையிலிருந்து எடுத்துக் கொடுக்காமல் பெரியம்மாவின் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நீங்கள் 105ஆம் சங்கீதத்தை எடுத்தீர்கள். நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள் என்கிற வசனம். ஊழியக்காரரைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகச் சபையில் எத்தனையோ முறை கேட்டது. அன்றுதான் வீட்டுக்குப் போய் முழுச் சங்கீதத்தையும் வாசித்தேன். தொடாதே என்று கர்த்தர் சொல்வது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பற்றி. எண்ணிக்கையில் கொஞ்சப்பேர், பரதேசிகள், ஒரு ராஜ்யத்தை விட்டு இன்னொரு ராஜ்யத்துக்கு அலைகிறவர்கள். அவர்கள்நிமித்தம் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்று அதற்கு முந்தின வசனத்திலேயே இருக்கிறது. அதிகாரம் இருக்கிறவனைப் பார்த்து, இல்லாதவனைத் தொடாதே என்கிற வார்த்தை அது. நாம் அதை எப்படித் தலைகீழாய்ப் பிடித்தோம்? நீங்கள் பரிசுத்தராலே அபிஷேகம் பெற்றிருக்கிறீர்கள் என்று யோவான் எழுதுவது எல்லா விசுவாசிகளுக்கும்தானே? அப்படியானால் அன்று அபிஷேகம் பெற்ற ஒருவரைத் தொட்டது யார் பாஸ்டர்?

அபிஷேகம் பெற்ற ராஜா என்பதால் தாவீது சவுலைத் தொடவில்லை என்பீர்கள். தொடவில்லை. ஆனால் பேசாமல் இருக்கவும் இல்லை. 3,000 பேரோடு தன்னைத் தேடி வந்த ராஜாவை, ஒளிந்திருந்த குகைக்கு வெளியே வந்து கூப்பிட்டு, ஏன் மனுஷர் பேச்சைக் கேட்கிறீர், கர்த்தர் நமக்கு நடுவே நியாயம் தீர்ப்பாராக என்று முகத்துக்கு நேராகவே கேட்டான். சவுல் அவனை முறுமுறுக்கிறவன் என்று சொல்லவில்லை. சத்தமிட்டு அழுதான்.

அந்த "முறுமுறுப்பு" என்கிற வார்த்தைதான் எனக்கு இந்த வருஷம் முழுக்க முள்ளாய் இருந்தது. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் அதே வார்த்தை இருக்கிறது. தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், சரியாய்க் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கரானவர்கள் முறுமுறுத்தார்கள். விதவைகள், உதவி, பங்கீடு! பெரியம்மா கேட்டது அச்சு அசலாய் அதேதான். பன்னிரண்டு அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? இயேசுவோடு நடந்தவர்கள், உயிர்த்தெழுந்தவரைக் கண்ணால் கண்டவர்கள். எங்களையா கேட்கிறீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சீஷர் கூட்டம் முழுவதையும் வரவழைத்து, நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்று பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்குப் பிறகு சபை உடையவில்லை. சீஷருடைய தொகை பெருகிற்று என்று ஏழாம் வசனத்தில் இருக்கிறது.

நான் நேராகப் பொதுவில் எழுத வந்துவிடவில்லை, இதை மற்றவர்களும் அறிய வேண்டும். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேசு, பிறகு இரண்டொருவரோடு போ என்று மத்தேயு 18இல் சொன்னபடி முதலில் தனியாக உங்கள் அறைக்கு வந்தேன். "நீ என் பிள்ளை மாதிரி. பிள்ளை தகப்பனிடம் கணக்குக் கேட்குமா?" என்றீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உங்கள் காலில் விழுந்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதே உறைத்தது. அடுத்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர்கள் யாரென்று எழுதமாட்டேன், இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மறு மாதமே இரண்டு பேருக்கும் ஊழியத்திலிருந்து "ஓய்வு" கிடைத்தது. அதற்காக அவர்களிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்றாவது படி, சபைக்குத் தெரியப்படுத்து என்பது. சபைக்கு எப்படித் தெரியப்படுத்துவது? மைக் உங்களிடம், அதைக் கூட்டிக் குறைப்பது உங்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிற என்னிடம். நம் சபையில் அந்த மூன்றாவது படிக்கு வழியே இல்லாமல் செய்தவர்களில் நானும் ஒருவன்.

கோபமாய் எழுதிவிட்டேன். மேலே உள்ள சில வரிகளை இரண்டு முறை அழித்தேன், திரும்பவும் எழுதினேன். உங்களுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? பாஸ்டரம்மாவைப் பார்த்து நாளாகிவிட்டது. சின்னவனுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பதாய்ச் சொல்லியிருந்தேன், பாதியில் விட்டுவிட்டேன். அவன் என்னைத் தவறாக நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம், அவன் பிள்ளை.

போன சனிக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் வராததைப் பற்றி நீங்கள் யாரையும் அனுப்பி விசாரிக்கவில்லை, நானும் போகவில்லை. ஒரு வருஷம். நாற்காலிகளை இப்போது யார் துடைக்கிறார்கள் என்றுகூட நான் கவனித்ததில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "அன்னைக்குப் பேட்டரி போகலை பெரியம்மா, நான்தான் குறைச்சேன்" என்றேன். எத்தனையோ முறை மனதில் சொல்லிப் பார்த்த வாக்கியம், வாய் குழறியது.

"தெரியும்பா. நீ தலையாட்டினப்பவே தெரியும்" என்றார். உள்ளே வா என்றார். உட்கார்ந்தேன். வேறு எதையும் கேட்கவில்லை. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாய்ப் பேசவில்லை, உங்களுக்காக ஜெபிப்பதாய்ச் சொன்னார். கிளம்பும்போது மட்டும், "அந்தப் பிள்ளைக்கு உதவி கிடைச்சுதா தம்பி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கிடைத்ததா பாஸ்டர்?