உடைத்துப் பார், கயல்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ வாங்கியிருக்கும் வெல்டிங் மெஷின் லிங்கன் ஏசி-225. சிவப்புப் பெட்டி, முகத்தில் ஒரே ஒரு பெரிய திருகு சுவிட்ச். பழைய மெஷின்களில் இது நல்ல மெஷின். உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ஃபேன், அந்த சுவிட்ச், அவ்வளவுதான். கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றுமில்லை. அதைச் செய்கிற கம்பெனி 1895-இல் உன் ஓஹையோ மாநிலத்திலேயே, கிளீவ்லாண்டில் தொடங்கியது. நீ இருக்கும் கொலம்பஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். சொந்த ஊரை விட்டு அதிக தூரம் போகாத மெஷின்தான் உன்னிடம் வந்திருக்கிறது.

முதலில் ஊஞ்சல் செய்யப் போவதாக எழுதியிருந்தாய். செய்யலாம், ஆனால் அதை முதல் வேலையாக எடுக்காதே. பாய்லர் பட்டறையில் நாங்கள் போட்ட ட்யூப் ஜாயின்டுகளை எக்ஸ்ரே எடுப்பார்கள். மேலே பார்க்க வரிவரியாக, அத்தனை அழகாக இருக்கும். ஃபிலிமில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் போச்சு, உள்ளே காற்றுக்குமிழி. கோடாகத் தெரிந்தால் கசடு, அதாவது வெல்டிங் ராடின் மேல்பூச்சு உருகி மிதக்கும் கழிவு, மாட்டியிருக்கிறது. அறுத்து எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். வெல்டிங்கில் கண்ணுக்குத் தெரிவது மேல்தோல் மட்டும்தான். உன் கராஜில் எக்ஸ்ரே கிடையாது, ஃபிலிம் பார்த்துச் சொல்ல இன்ஸ்பெக்டரும் கிடையாது. உனக்கு இருப்பது சுத்தியலும் ஹேக்ஸா பிளேடும்தான். நீ ஒட்டியதை நீயே உடைத்துப் பார்க்கிற பழக்கம் வர வேண்டும். இந்தக் கடிதத்தை எழுதுவதே அதைச் சொல்லத்தான். மற்றதெல்லாம் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை.

மெஷினை பிளக்கில் செருகுவதற்கு முன் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே முழு நீளமும் பார். பழைய ரப்பர் வளைத்தால் வெடிக்கும். உள்ளே செம்பு தெரிகிற இடத்தில் டேப் சுற்றிச் சமாளிக்காதே, கேபிளையே மாற்று. ராடைப் பிடிக்கும் ஹோல்டரின் கைப்பிடியில் விரிசல் இருந்தால் புது ஹோல்டர் வாங்கு, விலை அதிகமில்லை. வெல்ட் செய்யும் இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்பின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் அப்படியே. பழைய மெஷினில் ஆர்க், அதாவது ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே பற்றும் மின்பொறி, சரியாக நிற்கவில்லை என்று பலரும் டிரான்ஸ்ஃபார்மரைக் குறை சொல்வார்கள். பார்த்தால் எர்த் கிளாம்ப் துருவின் மேல் கடித்துக்கொண்டிருக்கும். மெஷினை ஆஃப் செய்துவிட்டு அந்தத் திருகு சுவிட்சை 40-இலிருந்து 225 வரை எல்லா எண்ணுக்கும் திருப்பிப் பார். ஒவ்வொன்றிலும் 'டக்' என்று உட்கார வேண்டும். ஆர்க் ஓடும்போது அதைத் தொடவே கூடாது, உள்ளே கான்டாக்ட் கருகிவிடும். பல வருஷம் ஷெட்டில் கிடந்த மெஷின் என்றால் எலிக்கூடும் தூசியும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காற்றால் ஊதி எடு.

அடுத்தது கரன்ட். இங்கே நம் வீட்டுக்கு ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், 230 வோல்ட். அங்கே 120 வோல்ட் கம்பிகள் இரண்டு சேர்ந்து 240. துணி உலர்த்தும் மெஷினின் 30 ஆம்பியர் பாயின்டில் அடாப்டர் போட்டு ஓட்டலாம் என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, 50 ஆம்பியர் பிரேக்கரும் இந்த மெஷினுக்கு உரிய சாக்கெட்டும் போட்டுக்கொள். மெஷினுக்குக் கொடுத்த விலையைவிட அவர் கூலி கூடுதலாக இருக்கலாம், இருக்கட்டும். வெல்ட் செய்யாமல் ஹோல்டரைச் சும்மா பிடித்திருக்கும்போது அதில் 79 வோல்ட் நிற்கிறது. உலர்ந்த கையுறையும் உலர்ந்த ஷூவும் இருக்கும் வரை பயமில்லை. ஓஹையோ குளிர்காலத்தில் கார் டயரிலிருந்து பனி உருகித் தரையெல்லாம் ஈரமாக இருக்குமே, அந்த நாளில் மெஷினைத் தொடாதே. வேர்வையில் நனைந்த கையுறையும் அதே கணக்குதான்.

கண்ணைப் பற்றி நீ சலித்துக்கொண்டாலும் சொல்வேன். நம் ஊரில் கிரில் கேட் போடுகிறவர்கள் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெல்டிங் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அந்தக் காட்சியை மனதிலிருந்து எடுத்துவிடு. ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் அப்போது எதையும் உணர்த்தாது. பல மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். அப்படி ஆனால் வெள்ளரிக்காய் வைக்கிறேன், தாய்ப்பால் விடுகிறேன் என்று இருக்காமல் கண் டாக்டரிடம் போ. நீ ஓட்டப்போகும் 75 முதல் 125 ஆம்பியருக்கு ஹெல்மெட்டில் 10-ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி சரியாக இருக்கும். தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்கினாய் என்றால் கற்றுக்கொள்வது எளிது, இரண்டு கையும் ஃப்ரீயாக இருக்கும். குட்டிப்பையன் வேடிக்கை பார்க்க ஓடி வருவான். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பருத்திச் சட்டை, முழுக்கை, கழுத்துப் பட்டன் வரை. பாலியஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஜீன்ஸின் கீழ்மடிப்பில் பொறி விழுந்து தங்கும், அதனால் மடிக்காதே. செயின், மோதிரம், வளையல் எல்லாம் கழற்றி வைத்துவிடு. கராஜில் புல்வெட்டும் மெஷினும் பெட்ரோல் கேனும் இருக்குமே, அவற்றை வெளியே எடுத்துவிட்டுத்தான் வேலை. அட்டைப்பெட்டி இடுக்கில் விழுந்த பொறி சத்தமில்லாமல் கனன்றுகொண்டிருக்கும். வேலை முடிந்ததும் லைட்டை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடக் கூடாது. ஒரு மணி நேரமாவது அங்கேயே ஏதாவது செய்துகொண்டிரு.

புகையில் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, சூடானால் வெள்ளைப் புகை விடும். அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர்க்காய்ச்சல் நிச்சயம். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று பட்டறையில் சொல்வார்கள். பால் எதையும் தடுப்பதில்லை. பழக ஜிஐ வேண்டவே வேண்டாம். இரண்டாவது, கார் பிரேக் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே. அதில் குளோரின் கலந்த வகை உண்டு. அதைத் தெளித்துத் துடைத்த இரும்பில் ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். முதல் உலகப்போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. வெல்ட் செய்யும் இரும்பைச் சுத்தம் செய்ய கிரைண்டரும் கம்பி பிரஷும் போதும், அந்த ஸ்ப்ரே டப்பா மெஷின் பக்கமே வரக்கூடாது. எவ்வளவு குளிரானாலும் கராஜின் பெரிய கதவைத் திறந்து வை.

சரி, இனி ராடு, ஹோல்டரில் மாட்டி உருக்குகிற பூச்சுக் கம்பி. நம் பட்டறையில் 12 கேஜ், 10 கேஜ் என்று கேட்டு வாங்குவோமே, அங்கே அதை 3/32 அங்குலம், 1/8 அங்குலம் என்று கேட்க வேண்டும். முதலில் 6013 வாங்கு. முன்னால் இருக்கும் 60, வெல்ட் ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவை தாங்கும் என்பதைச் சொல்கிறது. அடுத்த 1, எந்த நிலையிலும் வைத்து ஓட்டலாம் என்பது. கடைசி எண் மேல்பூச்சைச் சேர்ந்தது. உன் மெஷின் ஏசி மட்டும் தருகிறது. அங்கே கரன்ட் விநாடிக்கு 60 சைக்கிள், ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை பூஜ்யத்துக்கு வரும், ஆகவே விநாடிக்கு 120 தடவை ஆர்க் அணையப் பார்த்து மறுபடி பற்றுகிறது. 6013 பூச்சில் இருக்கும் பொட்டாசியம் அதை அணையவிடாமல் பிடித்துக்கொள்ளும். 6010 ராடை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதே, அது டிசி மெஷினுக்கானது. 7018 உறுதியானதுதான், ஆனால் ஈரம் துளியும் ஆகாது. ஈரத்தில் இருக்கும் ஹைட்ரஜன் இரும்புக்குள் போய், வெல்ட் ஆறிய பிறகு விரிசல் விடும். அதனால்தான் எங்களுக்கு அதை ஓவனிலிருந்து நேராக எடுத்துத் தருவார்கள், இடத்துக்குக் கொண்டுபோகவும் சூடு குறையாத பெட்டி உண்டு. திறந்த டப்பாவில் கராஜ் மூலையில் கிடந்த 7018-க்கு அந்தப் பேர் மட்டும்தான் மிச்சம்.

6 மில்லிமீட்டர், அங்கே கால் அங்குலம், கறுப்பு இரும்புப் பட்டை வாங்கு. இரும்புக்கடையில் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். மேலே இருக்கும் கறுப்புச் செதிலைக் கிரைண்ட் பண்ணி வெள்ளையாக்கு. கான்கிரீட் தரையில் வைத்து வெல்ட் செய்யாதே, உள்ளே இருக்கும் ஈரம் சூடாகிக் கான்கிரீட் சில்லுகள் தெறிக்கும். இரும்பு மேஜை இல்லையென்றால் செங்கல் அடுக்கி அதன்மேல் தடித்த தகடு ஒன்றைப் போடு. 1/8 ராடுக்கு 105 அல்லது 120-இல் வை. ராடு முனையால் இரும்பை லேசாக உரசி எடு, ஆர்க் பற்றும். பற்றியதும் பயந்து கையைத் தூக்கிவிடுவாய், எல்லோருக்கும் அப்படித்தான். தூக்கினால் ஆர்க் நீண்டு தெறிக்கும். ராடு கம்பி எவ்வளவு தடிமனோ அவ்வளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் கையை இப்படி அப்படி முறுக்கு, விடாவிட்டால் ஹோல்டரை அமுக்கி ராடை விட்டுவிடு. அப்போதும் ஹெல்மெட்டைத் தூக்காதே.

பார்வை எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் பெரிய விஷயம். ஆர்க்கின் வெளிச்சம் கண்ணை இழுக்கும். நீ பார்க்க வேண்டியது அதன் பின்னால் இருக்கும் உருகிய குளத்தை. அது பளபளவென்று கண்ணாடி மாதிரி ஓடும். அதன்மேல் மந்தமாக, கொஞ்சம் கறுப்பாக நகர்ந்து வருவது கசடு. 6013-இல் ஒரு குணம் உண்டு, கசடு குளத்தை முந்திக்கொண்டு முன்னால் ஓடும். அப்படி ஓடவிட்டால் உருகிய இரும்பு அதன்மேல் போய் மூடிவிடும், அதுதான் உள்ளே மாட்டும் கசடு. ராடின் ஹோல்டர் பக்கத்தை நீ போகும் திசைக்கு 10-15 டிகிரி சாய்த்து, ஆர்க்கைக் குட்டையாகப் பிடித்து, கசடைப் பின்னாலேயே தள்ளிவைத்து இழுத்து வா. எண்ணெய்ச் சட்டியில் வடை வேகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வந்தால் ஆர்க் நீளம் சரி என்று அர்த்தம். தகடு முழுக்க வரிவரியாகப் போட்டு நிரப்பு. ஒவ்வொரு வரியும் முந்தினதில் பாதியை மூட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் கசடைத் தட்டி, பிரஷ் போட்டுவிட்டுத்தான் அடுத்தது. கசடு தட்டும்போது நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். 225-இல் இந்த மெஷின் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் ஓட வேண்டும். நீ ஓட்டும் ஆம்பியரில் அதைவிடக் கூடுதல் நேரம் தாங்கும், ஆனாலும் அவ்வப்போது ஓய்வு கொடு, உனக்கும் தேவைப்படும்.

வரிகள் சீராக வந்த பிறகு, ஒரு பட்டையின் மேல் இன்னொரு பட்டையை நிற்கவைத்து ஆங்கில T எழுத்து போல டாக் அடி, அதாவது நகராமல் நிற்க ஓரங்களில் சின்னப் பொட்டு வை. ஒரு பக்கம் மட்டும் ஃபுல்லாக வெல்ட் வை. ஆறியதும் வைஸில் பிடித்து, வெல்டின் அடிப்பாகம் விரியும்படி, நிற்கும் பட்டையைச் சுத்தியலால் வெல்ட் பக்கமாக அடித்துச் சாய். மடங்கிப் படுத்தும் உடையவில்லை என்றால் சந்தோஷப்படு, மறுபடியும் நிமிர்த்தி மடக்கி எப்படியாவது உடை. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார். முழுக்கச் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருந்தால் இரும்பும் இரும்பும் ஒன்றாகியிருக்கிறது. பட்டையை வெட்டிய கூர் விளிம்பு அப்படியே அலுங்காமல் தெரிந்தால் அங்கே உருகவே இல்லை, வெல்ட் மேலே போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. ஆம்பியரைக் கூட்டு, அல்லது கையின் வேகத்தைக் குறை. ராடு ஒரு பட்டையின் பக்கமே சாய்ந்திருந்ததா என்றும் யோசி. நடுவில் கறுப்புக் கோடு இருந்தால் கசடு முந்தியிருக்கிறது, சாய்வைப் பார். பொட்டுப் பொட்டாக ஓட்டை இருந்தால் ஈரமான ராடு, அழுக்கு இரும்பு, நீண்ட ஆர்க், மூன்றில் ஒன்று. உடைந்த துண்டுகளில் ஆம்பியரைச் சாக்பீஸால் எழுதிவை. எந்த எண்ணில் உன் கைக்கு எப்படி வருகிறது என்று அந்தத் துண்டுகள்தான் காட்டும். அருகில் கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பு இருந்தால் சேர். பக்கத்தில் நின்று "கையை இறக்கு" என்று சொல்ல ஓர் ஆள் இருப்பது பெரிய விஷயம். நான் போனில் அதைச் சொல்ல முடியாது.

அந்த மாதிரி உடைத்து உடைத்து, எந்தப் பக்கம் அடித்தாலும் மடங்குகிறதே தவிர உடையவில்லை என்ற நிலை வந்த பிறகு, பூந்தொட்டி ஸ்டாண்ட் செய். அப்புறம் உனக்கு ஒரு வெல்டிங் மேஜை. அதற்குப் பிறகு ஊஞ்சலுக்கு வா. ஊஞ்சலிலும் பலகைக்கு அடியில் வரும் ஆங்கிள் ஃபிரேமை மட்டும் நீ வெல்ட் செய்தால் போதும். மேலே தொங்கும் கொக்கியையும் சங்கிலியையும் எந்த நிலையிலும் வெல்ட் செய்யாதே. இத்தனை பவுண்டு தாங்கும் என்று முத்திரை குத்தி விற்கும் கொக்கியை வாங்கி, உத்தரத்தில் துளை போட்டு போல்ட் முறுக்கு. ஆடும்போது சுமை ஆளின் எடையைவிடக் கூடும், அதுவும் ஓயாமல் மாறி மாறி வரும். சின்ன விரிசல் அப்படித்தான் வளர்கிறது. கார் டிரெய்லர், ஜாக் ஸ்டாண்ட், பழைய பெட்ரோல் டாங்க், கேஸ் சிலிண்டர், இவற்றை யார் கேட்டாலும் "என்னால் முடியாது" என்று சொல்லிவிடு.

எலக்ட்ரீஷியன் வந்து போனதும் சாக்கெட்டை போட்டோ எடுத்து அனுப்பு. முதல் டீ ஜாயின்டை உடைத்ததும் உடைந்த இரண்டு முகத்தையும், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து, ஃபிளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடு. மேல் அழகை எடுத்த போட்டோ எனக்கு வேண்டாம். அம்மா கையுறையின் அளவு கேட்கிறாள், உன் கைக்கு அங்கே கிடைப்பது பெரிதாக இருக்குமாம். தளர்ந்த கையுறையில் ராடு ஆடும், அவள் சொல்வது சரிதான். சின்ன சைஸ் தோல் கையுறையாகத் தேடி வாங்கு.

அன்புடன்,
அப்பா
திருவெறும்பூர்