பெண்டில் ஹில்லிலிருந்து அம்மாவுக்கு

பெண்டில் ஹில், சிட்னி
17 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வீடு மாறி மூன்று வாரம் ஆகிவிட்டது. பரமட்டாவில் நன்றாகத்தானே இருந்தீர்கள், வருஷம் முடிவதற்குள் ஏன் மாறினீர்கள் என்று போனில் கேட்டாய். சின்னவன் பிடுங்கிக்கொண்டு ஓடியதில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு.

பரமட்டா வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்தாவது மாடி. சின்னவன் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இரண்டு வயதுப் பிள்ளையிடம் ஓடாதே, குதிக்காதே என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அத்தோடு பெரியவளுக்குச் செப்டம்பரில் ஐந்து முடிந்துவிட்டது, பிப்ரவரியில் பள்ளிக்கூடம். இங்கே அரசுப் பள்ளியில் முகவரிதான் முதல் கேள்வி. எந்தத் தெருவில் இருக்கிறாயோ, அந்தப் பகுதிக்கென்று வரைந்து வைத்திருக்கும் பள்ளியில்தான் கட்டாயம் இடம் உண்டு. மற்றப் பள்ளியில் இடம் மிஞ்சினால்தான் நம்மைப் பார்ப்பார்கள். வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் காட்டிச் சேர்க்க வேண்டும். ஆகவே வீடு தேடுவதும் பள்ளிக்கூடம் தேடுவதும் ஒரே வேலையாகிவிட்டது.

கேட்ட இடமெல்லாம் நம்மவர்கள் ஒரே ஊரைச் சொன்னார்கள்: கிராவீன். அங்கே இருக்கும் உயர்நிலைப் பள்ளிக்கு அவ்வளவு பெயர். நானும் இரண்டு சனிக்கிழமை அங்கே அலைந்தேன். அப்புறம்தான் விவரம் தெரிந்தது. அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் எழுதும் நுழைவுத் தேர்வை வைத்துத்தான் ஏழாம் வகுப்புக்கு எடுக்கிறார்கள். பள்ளிக்கு எதிர்வீட்டில் குடியிருந்தாலும் பரீட்சையில் தேறாத பிள்ளைக்கு இடம் இல்லை. தேறிவிட்டால் ஒரு மணி நேரம் ரயிலில் வந்தும் படிக்கலாம். அதை நம்பி அதிக வாடகை கொடுப்பதில் அர்த்தமே இல்லை. நம் பிள்ளைக்கு இப்போதுதான் ஐந்து வயது. அவள் வாழ்க்கையை அந்தப் பரீட்சைக்காக இப்போதே திருப்பிவிட எனக்கு மனமும் வரவில்லை.

ஜனவரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். உன் மாப்பிள்ளையின் நண்பர் வடமேற்கில் புதிதாக எழும்பும் பகுதியில் வீடு வாங்கியிருக்கிறார். நான்கு படுக்கையறை, கண்ணாடி மாதிரி தரை, அகலமான அடுப்படி. பக்கத்து வீடு வாடகைக்கு வருகிறது, வாருங்கள் என்றார். பார்த்ததும் எனக்கும் ஆசைதான். மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். தெரு நெடுகக் கறுப்புக் கூரைகள், இடுப்பளவு மரக்கன்றுகள், நிற்க ஒரு நிழல் இல்லை. விளையாட்டுத் திடலில் சறுக்குமரத்தைத் தொட்ட பெரியவள் கையை உதறிக்கொண்டு அழுதாள். சிட்னியின் மேற்குப் பக்கத்துக்குக் கடல் காற்று ஒழுங்காக வந்து சேராது, அம்மா. 2020 ஜனவரி 4-ஆம் தேதி அந்த மேற்குப் பக்கத்துப் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவாகியிருக்கிறது. பால் வாங்கக்கூட அங்கே கார் வேண்டும். நான் இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை. உன் மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் நான் அந்தப் பெரிய வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். நண்பர் குடும்பம் அங்கே சந்தோஷமாக இருக்கிறது, இருவரும் கார் ஓட்டுகிறார்கள். எனக்கு அது சரிப்படாது என்று அன்றே தெரிந்துவிட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் நம் ஊர் வி.கே.புரம்தான் நினைவுக்கு வந்தது. மில் சங்கு ஊதினால் அப்பா நடந்தே போவார்கள். நான் பள்ளிக்கு நடந்தேன், நீ சந்தைக்கு நடந்தாய், ஆற்றுக்கும் நடந்துதான் போனோம். எங்கே போனாலும் வழியில் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். என் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும் என்று உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

அதன் பிறகு வீட்டை உள்ளே பார்ப்பதற்கு முன்னால் தெருவைத்தான் பார்த்தேன். இந்த வீட்டு விளம்பரம் வந்ததும், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு இந்த வாசலில் வந்து நின்று, பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னவனைத் தள்ளுவண்டியில் வைத்துப் பள்ளி வரை நடந்து பார்த்தேன். அவள் நடைக்குப் பதினாலு நிமிடம். நடைபாதை எங்கும் அறுபடவில்லை. பெரிய சாலை ஒன்றைத்தான் கடக்க வேண்டும். அங்கே தடுப்புப் பலகையோடு ஒருவர் நின்று வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளை அனுப்புகிறார். பள்ளி நாட்களில் காலை 8 முதல் 9.30 வரையும், மதியம் 2.30 முதல் 4 வரையும் பள்ளியை ஒட்டிய சாலைகளில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அன்றே மூன்று மணிக்கு மறுபடி போய்ப் பள்ளி வாசலில் நின்றேன். எத்தனையோ தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

வீடு கிடைத்தது லேசில் இல்லை. சனிக்கிழமை ஒரு கால் மணி நேரம் கதவைத் திறந்துவிடுவார்கள், இருபது முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். சம்பளச் சீட்டு, பேங்க் கணக்கு, பழைய வீட்டுக்காரர் தரும் நற்சான்று எல்லாம் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு முன் இரண்டு வீடு கை நழுவியது. ஒரு ஏஜென்ட் பதில்கூடப் போடவில்லை. வாடகை இங்கே வாரக் கணக்கு. வாரம் 600 டாலருக்கு மேல் போகிறது, நாலு வார வாடகை முன்பணம். அதற்குப் பழைய செங்கல் வீடு, ஒரே குளியலறை, ராத்திரி ரயில் சத்தம் கேட்கும். ஆனால் பின்னால் வேலி போட்ட புல்தரை இருக்கிறது. சின்னவன் ஓடுகிறான் அம்மா, யாரும் கதவைத் தட்டுவதில்லை!

சின்னவனின் மூச்சிழுப்பை நினைத்து நீ கவலைப்படுவாய் என்று தெரியும். குழந்தைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரி வெஸ்ட்மீடில் இருக்கிறது, இங்கிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். உன் மாப்பிள்ளைக்கும் அதே ரயில்தான், சிட்டிக்கு முக்கால் மணி நேரம் போல. மேஸ் ஹில்லில் முருகன் கோயில், காரில் பத்து நிமிடம். ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறையப் பேர். பக்கத்து வீட்டு அம்மா முதல் நாளே ஒரு கிண்ணம் கறி கொண்டுவந்து, "பிள்ளையள் சாப்பிட்டினமோ?" என்று கேட்டார். பெரியவள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். இப்போது என்னையே "சாப்பிட்டினமோ" என்கிறாள்.

அப்பாவுக்கு ஒரு சேதி. பெண்டில் ஹில் என்பது இங்கிலாந்தில் லங்காஷயரில் இருக்கும் ஒரு மலையின் பெயர், பஞ்சாலைகளுக்குப் பெயர்போன பக்கம் அது. 1920-களில் உள்ளாடை செய்யும் பாண்ட்ஸ் (Bonds) கம்பெனி இந்தப் பகுதியில்தான் நூற்பாலை வைத்தது. இப்போது மில் ஓடவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் அப்பாவின் சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சுதான் ஞாபகம் வருகிறது.

விசா வந்ததும் பிப்ரவரிக்குள் வரப் பாருங்கள். மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் ஆச்சி நிற்பாள் என்று பெரியவளிடம் சொல்லிவிட்டேன். அவள் சீருடைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே திரிகிறாள். தொப்பி இல்லாவிட்டால் வெயிலில் விளையாட விடமாட்டார்களாம். உனக்கும் அகலமாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். செருப்பு மட்டும் நடக்கத் தோதானதாகப் போட்டு வா. வற்றல், பொடி எது கொண்டுவந்தாலும் விமானத்தில் தரும் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், மறைத்தால் அபராதம். விதை, செடி எதுவும் வேண்டாம். பெரியவளுக்கு அரிச்சுவடி இரண்டு எடுத்து வை, ஒன்றைச் சின்னவன் கிழித்துவிடுவான்.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் சொல். இங்கே ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், நீ காலையில் கூப்பிட்டால் பிள்ளைகள் விழித்திருப்பார்கள்.

அன்புடன்,
உன் மகள்