தட்டில் இருப்பது வாய்க்குத்தான் போகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே சென்சரி விளையாட்டு, அதாவது தொட்டும் பிசைந்தும் பார்த்துப் பழகும் விளையாட்டு, ஏற்பாடு செய்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மழலையர் காப்பகத்தில் அதே வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் நான். எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு இது. அதனால்தான் எழுதுகிறேன்: கட்டுரை சொன்ன, தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணியும், மாவில் உப்பு சேர்த்துப் பிசைந்த உப்பு மாவும் இந்த வயதுக்கு ஆகவே ஆகாது.

எதையும் வாயில் வைத்துப் பார்த்துத்தான் இவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். வேண்டாம் என்று நாள் முழுக்கச் சொன்னாலும் கேட்கிற வயது இல்லை. அந்த ஜெல் மணியை விழுங்கினால், அது உள்ளே போயும் பெருத்துக் குடலை அடைத்துவிடலாம். உப்பு மாவை நிறையத் தின்றால் ரத்தத்தில் சோடியம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். போதாததற்கு, அது வேகாத மாவு, சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. காய்ந்த பயறும் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.

சரி, எதைத்தான் கொடுப்பது? நான் அடிக்கடி செய்வது கார்ன்ஃப்ளார் கூழ். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறிக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, பீட்ரூட் சாறு கொஞ்சம் விட்டால் போதும். அதை முன்னால் வைத்ததும் முதலில் ஒரே ஒரு விரல்தான் உள்ளே போகும். விரலை எடுத்துவிட்டு, அது விட்ட குழியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் உள்ளங்கையால் ஒரு தட்டு, விரலிடுக்கில் பிதுங்குவதைப் பார்த்து ஒரு சிரிப்பு, உடனே நாக்கால் ஒரு நக்கு. தொடவே பிடிக்காத குழந்தைகளும் உண்டு. கையைப் பிடித்து அமுக்காதீர்கள். ஒரு கரண்டியைக் கொடுங்கள், அதை வைத்துக் கிளறட்டும்.

குழைய வேகவைத்துச் சிறிதாக நறுக்கிய நூடுல்ஸ், தயிர் எல்லாம் கொடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே சாப்பிட்டு ஒத்துக்கொண்ட உணவாக இருக்க வேண்டும். ஒவ்வாமை உண்டா என்று பார்க்க இது நேரமில்லை. ஒரு வயது ஆகாதவர்களுக்கு எதிலும் தேன் சேர்க்காதீர்கள். முழு திராட்சை, கொட்டை வகைகள் வேண்டாம். குழந்தை உட்கார்ந்துதான் விளையாட வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சாப்பாட்டை இப்படி வீணாக்கலாமா என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு சின்னக் கிண்ணம் போதும், மிஞ்சியதை எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

இனி இப்படி யோசனைகள் வெளியிடும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த வயதுக்கு என்று அச்சிடுங்கள். ஜெல் மணி பற்றிய திருத்தத்தை மட்டும் தாமதிக்காமல் போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கும் வீடுகள் இருக்கும்.

இப்படிக்கு,
மழலையர் காப்பக ஊழியர் ஒருவர்