ஸ்ட்ராபெர்ரி ஐஸ் ஏன் வெளுக்கிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். நம் கடை ஸ்ட்ராபெர்ரி குச்சி ஐஸை ஒருவர் நாலு தடவை அழுத்திச் சப்புகிறார். நுனி வெளுக்கிறது. “பாத்தீங்களா, பழமே இல்ல, வெறும் சாயத் தண்ணி” என்று முடிகிறது. கல்லாவில் நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

வெளுப்பது உண்மைதான். அதற்கும் சாயத்துக்கும் சம்பந்தம் கிடையாது. கலவை உறையும்போது அதிலுள்ள தண்ணீர் மட்டுமே கட்டியாகும். சர்க்கரை, புளிப்பு, நிறம் எதையும் ஐஸ் படிகம் தனக்குள் விடாது. அவை எல்லாம் படிகங்களுக்கு நடுவே கெட்டிப் பாகாக ஒதுங்கி நிற்கும். மைனஸ் 18 டிகிரியிலும் அந்தப் பாகு முழுதாக உறைவதில்லை. வாயால் இழுத்தால் பாகு வந்துவிடும், படிகம் நின்றுவிடும். சாயம் போட்ட ஐஸும் வெளுக்கும், கிலோ கணக்கில் பழம் போட்ட ஐஸும் வெளுக்கும். பள்ளிக்கூட வாசலில் கிரேப் ஐஸ் சப்பியவர்கள் யாருக்கும் இது புதிதில்லை.

எவ்வளவு சீக்கிரம் வெளுக்கும் என்பது படிகத்தின் அளவைப் பொறுத்தது. கடையில் அச்சுகளைக் கால்சியம் குளோரைடு கலந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில், மைனஸ் 25 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்குகிறோம். அரை மணிக்குள் உறைந்துவிடும். வேகமாக உறைந்தால் படிகம் பொடியாக இருக்கும், பாகு எளிதில் கழன்று வராது. வீட்டு ஃப்ரீசரில் ஐந்தாறு மணி நேரம் ஆகும், படிகம் கல்கண்டு மாதிரி வளரும். இடையில் இளகி மறுபடி உறைந்தால் இன்னும் மோசம். சின்னப் படிகங்கள் கரைந்து, அந்தத் தண்ணீர் பெரியவற்றின் மேல் போய் உறையும். (சென்ற மாதம் கரண்ட் போன அந்த இரண்டு நாள் சரக்கில் சிலது அப்படி ஆகியிருக்கலாம்.)

சாயமா பழமா என்று பார்க்க நாக்கை நம்ப வேண்டாம். ஒரு ஐஸைக் கண்ணாடி டம்ளரில் உருக விடுங்கள். பழ ஐஸ் என்றால் உருகிச் சற்று நேரத்தில் சதை பிரிந்து நிற்கும், நாலைந்து விதையாவது கண்ணில் படும். மேலே தெளிந்த சாற்றில் ஒரு ஸ்பூன் எடுத்துச் சமையல் சோடா ஒரு சிட்டிகை போடுங்கள். ஸ்ட்ராபெர்ரியின் சிவப்பு புளிப்பில் மட்டுமே சிவப்பாக நிற்கும். சோடா பட்டதும் கருத்து ஊதாவாகவோ பழுப்பாகவோ மாறும். கார்மாய்சின் போன்ற செயற்கைச் சிவப்பு சோடாவுக்குப் பெரிதாக அசையாது. கல்லா மேசையில் சோடா டப்பாவும் டம்ளரும் வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

உறையில் போட்டிருக்கும் 412 என்ற எண்ணையும் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அது குவார் கம், கொத்தவரை விதையை அரைத்தெடுக்கும் பொடி. லிட்டருக்கு 2 கிராம் போடுகிறோம். பாகைப் பிடித்து வைக்கத்தான். கொத்தவரங்காய்ப் பொரியல் சாப்பிடுகிறவர்கள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

“அப்ப வீட்டுல எப்படி செய்றது?” என்று கேட்டவர்களுக்கு குவார் கம் மட்டும் விட்டு எங்கள் அளவை அப்படியே தருகிறோம். ஒளிக்க இதில் ஒன்றுமில்லை.

65 மில்லி அச்சில் எட்டு ஐஸ் வரும் (இப்போது கடை அச்சும் இதே அளவுதான்). காம்பு நீக்கிய பழம் 400 கிராம் வேண்டும். கால் கிலோ டப்பா இரண்டு வாங்கினால் நசுங்கியது, காம்பு எல்லாம் போக அதற்குச் சற்று மேலேயே கிடைக்கும். சர்க்கரை 90 கிராம், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 80 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

தோள்பட்டை வரை சிவந்த பழமாகப் பாருங்கள். பறித்த பிறகு ஸ்ட்ராபெர்ரி பழுக்காது. வெள்ளையாக வாங்கினால் எத்தனை நாள் வைத்தாலும் உள்ளே இனிப்பு ஏறாது. மகாபலேஷ்வர் பழம் நவம்பர், டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் முடியும். ஊட்டி, கொடைக்கானல் பழத்தில் புளிப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரையை 100 கிராமாக்குங்கள். கழுவிய பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டும். கிள்ளிவிட்டுக் கழுவினால் பழம் தண்ணீர் குடித்துவிடும். கழுவுவதில் சோம்பல் கூடாது, ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும்.

பழத்தை நாலாக நறுக்கிச் சர்க்கரையைத் தூவி அரை மணி மூடி வையுங்கள். சாறு தானாக இறங்கும். அடுப்பில் ஏற்ற வேண்டாம். கொதித்தால் நிறம் மங்கி ஜாம் வாசனை வந்துவிடும். பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு நாலைந்து சுற்று போதும். ஒரேயடியாக ஓட்டினால் விதை உடைந்து கசப்பு இறங்கும். பாதியைக் கம்பி வடிகட்டியில் வடித்து, பாதியை அப்படியே சேருங்கள். முழுதும் வடித்தால் சதையின் பிடிப்பு போய் ஐஸ் கண்ணாடி மாதிரி ஆகும். வடிக்காவிட்டால் நறநறவென்று பல்லில் மாட்டும். (மணல் கலந்திருக்கிறது என்று சொன்னவருக்கும் இதுதான் பதில்.) தண்ணீர், எலுமிச்சை, உப்பைக் கலந்து ருசி பாருங்கள். கொஞ்சம் திகட்ட வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும்.

இனிப்பைக் குறைக்கச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறீர்கள். இங்கே சர்க்கரைக்கு இரண்டு வேலை, இனிப்பும் இளக்கமும். மேலே சொன்ன அளவில் பழத்தின் சொந்த இனிப்பையும் சேர்த்து ஏறக்குறைய 19 சதவீதம் வரும். 12க்குக் கீழே போனால் கடிக்க முடியாத பாறை, 25ஐத் தாண்டினால் குச்சியோடு கழன்று வரும் கூழ். சர்க்கரைக்குப் பதில் இனிப்பு மாத்திரை போட்டால் இனிக்கும், ஆனால் பாறைதான், ஏனென்றால் ஐஸை இளக்கமாக வைப்பது சர்க்கரையின் அளவு. தேன் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், உறையவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நாட்டுச் சர்க்கரை ருசியில் குறையில்லை, நிறம்தான் செங்கல் தண்ணீராகிவிடும். பச்சைப் பாலை ஊற்றாதீர்கள், பழத்தின் புளிப்பில் திரிந்துவிடும். வெண்மை வேண்டுமானால் தண்ணீருக்குப் பதில் கெட்டித் தயிர்.

கலவையை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் குளிரவைத்த பிறகே அச்சில் ஊற்றுங்கள். மேலே அரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள், உறையும்போது உப்பும். அச்சு இல்லாவிட்டால் அடி குறுகிய சின்ன ஸ்டீல் டம்ளர் போதும். பிளாஸ்டிக்கைவிட ஸ்டீலில் சீக்கிரம் உறையும், படிகமும் பொடியாக வரும். ஃப்ரீசர் தரையை ஒட்டி, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வையுங்கள். ஒன்றேகால் மணியில் கூழாக இறுகியிருக்கும், அப்போது குச்சியைக் குத்தினால் நேராக நிற்கும். முன்னமே குத்தினால் சாய்ந்துகொள்ளும். குச்சி குத்திய பிறகு ஆறு மணி நேரம் கதவைத் திறக்காமல் இருக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் ராத்திரி வைப்பதே உத்தமம். எடுக்கும்போது பைப் தண்ணீரில் 15 விநாடி முக்கினால் கழன்றுவிடும். வெந்நீர் வேண்டாம், மேல் பூச்சு உருகிப் போகும்.

இதுவும் சப்பினால் வெளுக்கும். பழம் உங்கள் கையால் நறுக்கியது என்பதால் யாரும் வீடியோ எடுக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

பழம், குச்சி, கரண்ட் பில் எல்லாம் ஏறியும் விலை அதே 30 ரூபாய். அச்சு 80 மில்லியிலிருந்து மாறியது மேலேயே சொல்லியாகிவிட்டது.

வீடியோ வந்த மறுநாளும் வழக்கம்போல வந்து, “எங்களுக்குத் தெரியாதாங்க” என்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த அம்மாக்களுக்கும், சேமியா ஐஸ் காலத்திலிருந்து கூட இருக்கும் பெரியவர்களுக்கும் கைகூப்பி நன்றி. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கடையைத் திறந்தோம்.

கரண்ட் போன அந்த இரண்டு நாளில் பெட்டியாக வாங்கியவர்களிடம் ஐஸ் கரடுமுரடாக இருந்தால் மீதியைக் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம். தெர்மகோல் பெட்டியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். நம்மிடம் எட்டுதான் மிச்சம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஐஸ் கடை