சண்டை நடக்கும் இடத்துக்குக் கேமராவைத் திருப்புங்கள்

ஃபார்முலா ஒன் பந்தயங்களின் நேரலையை இயக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனின் ஊரான கோயம்புத்தூரில் இருந்து எழுதுகிறேன். வர்ணனை நாட்டுக்கு நாடு மாறினாலும், எல்லோருக்கும் வருவது நீங்கள் அனுப்பும் ஒரே படம்தான். அதனால் இதை இங்குள்ள சேனலிடம் சொல்லிப் பயனில்லை.

2025 அக்டோபரில் சிங்கப்பூர் பந்தயம் முடிந்ததும் ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸ் வெளிப்படையாகவே குறைப்பட்டார். கடைசி வரிசைகளில் கிளம்பிப் பத்தாவதாக வந்தவர் அவர். முடிவில் அவர் முந்திய கார்களை நீங்கள் காட்டவில்லை; பிரேக் போய்த் தவித்த ஹாமில்டனை அலோன்சோ விரட்டி வந்ததையும் தவறவிட்டீர்கள்; ஓட்டுநர்களின் தோழிகளையும் பிரபலங்களையும் காட்டுவதுதான் அதிகமாகிவிட்டது என்றார். அன்று டிவி முன் உட்கார்ந்திருந்த எங்களுக்கும் அதே ஆதங்கம்தான்.

காரோட்டப் பந்தயத்தை டிவியில் காட்டுவது எவ்வளவு சிரமம் என்று தெரியாமல் பேசவில்லை. கிரிக்கெட்டில் பந்து ஒன்றுதான், கண்ணும் கேமராவும் அதன் பின்னாலேயே போகும். இங்கே ஐந்து கிலோமீட்டர் தடம், 2026 முதல் 22 கார்கள். எங்கே எப்போது என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் உங்களுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள், உங்களிடம் இருக்கும் கருவிகளில் கால்வாசிகூட இல்லாத காலத்தில், அருமையான காட்சிகளைப் பிடித்திருக்கிறார்கள்.

1979 ஜூலை 1 அன்று பிரான்ஸின் டிஜோனில் நடந்த பந்தயத்தைச் சொல்கிறேன். பிரான்ஸ்காரர் ஜான் பியர் ஜபூய், பிரான்ஸின் ரெனோ காரில், சொந்த மண்ணில் ஜெயித்தார். டர்போ எஞ்சினுக்கு அதுதான் ஃபார்முலா ஒன்னில் முதல் வெற்றி. அவரையே காட்டிக்கொண்டிருந்தாலும் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பின்னால் இரண்டாம் இடத்துக்கு வில்நெவும் அர்னுவும் மோதிக்கொண்டிருந்தார்கள். சக்கரத்தோடு சக்கரம் உரசுகிறது, ஒருவர் தடத்தை விட்டு வெளியே போய்த் திரும்ப வருகிறார், அடுத்த வளைவில் மறுபடி பக்கத்தில் பக்கத்தில். கேமரா அவர்களோடு இருந்தது. இன்றைக்கும் அந்தப் பந்தயம் என்றால் ரசிகர்கள் முதலில் பேசுவது அந்தச் சண்டையைத்தான்.

அதே 1979இல் ஆஸ்திரேலியாவின் செவன் தொலைக்காட்சி, பாதர்ஸ்ட் பந்தயத்தில் ஓடிய ஒரு டொயோட்டா செலிகாவுக்குள் கேமராவை வைத்தது. காரில் இருந்து வரும் சிக்னலை மேலே பறந்த ஹெலிகாப்டர் வாங்கிக் கீழே அனுப்பியது. ஓட்டுநர் பீட்டர் வில்லியம்சன் வண்டியை ஓட்டிக்கொண்டே நேயர்களோடு பேசினார். ஃபார்முலா ஒன்னுக்கு இது வர ஆறு ஆண்டு ஆனது: 1985 ஜெர்மன் பந்தயத்தில் பிரான்சுவா எனோவின் ரெனோ. இப்போது ஓட்டுநரின் தலைக்கவசத்துக்குள்ளேயே, கண்ணுக்குப் பக்கத்தில், கேமரா இருக்கிறது. ஸ்டீயரிங்கில் கை படும் பாட்டைப் பார்த்தால் நமக்கே தோள் வலிக்கும். இதையெல்லாம் செய்து கொடுத்ததற்கு மனதார நன்றி.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாட்டுப் பந்தயத்தையும் அந்தந்த நாட்டுத் தொலைக்காட்சியே படம் பிடித்தது, தரமும் ஊருக்கு ஊர் மாறியது. மொனாக்கோவில் அந்த வழக்கம் 2022 வரை நீடித்தது. 2021இல் அங்கே வெட்டல், டயர் மாற்றும் இடமான பிட்டில் இருந்து வெளியே வருகிறார், பக்கத்தில் காஸ்லி. முந்தவே வழியில்லாத அந்தக் குறுகிய தெருவில் இரண்டு கார்களும் ஒட்டிக்கொண்டு மேடேறுகின்றன. யார் உள்ளே நுழையப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துப் பார்க்கும்போது, படம் சட்டென்று ஸ்ட்ரோலின் கார் வளைவோரக் கல்லில் ஏறுவதற்கு மாறிவிட்டது. அந்த வேலையை 2023இல் நீங்கள் எடுத்துக்கொண்டதும் நிம்மதியாக இருந்தது. இனி இப்படி நடக்காது என்று நம்பினோம். அதனால்தான் சிங்கப்பூர் கூடுதலாக வலிக்கிறது.

இன்னொரு விஷயம். 2005இல் நரேன் ஜோர்டான் காரில் ஓடியபோது, அவர் இருந்தது பெரும்பாலும் பின்வரிசையில். எங்கள் ஊர்ப் பையன் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள, திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. மிஷலின் டயர் போட்ட அணிகளெல்லாம் விலகி ஆறே கார்கள் ஓடிய இண்டியானாபொலிஸில் நான்காவதாக வந்தார். 2012 மலேசியாவில் பட்டனின் காரும் வெட்டலின் காரும் அவர் காரோடு மோதியபோது திரை முழுக்க அவர்தான். மற்ற நாள்களில் தேட வேண்டும். பின்வரிசையில் ஓடும் ஒவ்வொருவருக்கும் எங்கோ ஓர் ஊர் இப்படிக் காத்திருக்கும். முதல் ஆள் தனியாக இருபது விநாடி முன்னால் போகும்போது, பதினான்காம் இடத்துக்கு நடக்கும் போட்டியைக் காட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்?

தனியாகப் பணம் கட்டுபவர்களுக்கு எந்தக் காரின் கேமராவை வேண்டுமானாலும் பார்க்கும் வசதி இருக்கிறது, தெரியும். 1996இல் இருந்தே இதை முயன்றிருக்கிறார்கள். அப்போது போதிய சந்தாதாரர் கிடைக்காமல் 2002இல் மூடினார்கள். ஆனால் பெரும்பாலான மக்கள் பார்ப்பது பொதுப் படத்தைத்தான். அதைச் சரிசெய்யுங்கள்.

கேட்பது அதிகமில்லை. பந்தயம் ஓடும்போது யாரையாவது காட்டியே ஆக வேண்டுமென்றால், திரையைப் பிரித்து ஓரத்தில் சின்னதாகக் காட்டுங்கள். பிரபலங்களுக்குப் பந்தயம் தொடங்கும் முன் ஏகப்பட்ட நேரம் இருக்கிறது. கடைசி ஐந்து சுற்றில், விபத்தைத் தவிர வேறெதற்கும் ரீப்ளே வேண்டாம். பந்தயம் முடிந்தபிறகு போடுங்கள், உட்கார்ந்து பார்க்கிறோம். அப்புறம், நேரலையில் தவறிப்போன முந்தல்கள் எல்லாம் கார் கேமராக்களில் பதிவாகியிருக்கும் அல்லவா? அவற்றை அன்றைக்கே தொகுத்து, காசு வாங்காமல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். சைன்ஸின் சிங்கப்பூர்ச் சுற்றுகளில் இருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
கோயம்புத்தூரில் இருந்து ஒரு ரசிகர்