கோமதி, முதல்ல தலையைக் கீழே வை

அன்புள்ள கோமதி,

தீபாவளிக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதலை. திட்டுறதைக் கடிதம் முடிஞ்சதும் மொத்தமா திட்டிக்கோ. இப்போ அவசரமா எழுத வெச்சது நீ அனுப்பின வீடியோதான். மொசைக் தரையில கோரைப்பாயை விரிச்சு, மூச்சைப் பிடிச்சு, ரெண்டு கையையும் வீசி, ஒரே எம்புல எழுந்து உட்கார்ந்தியே! அதுக்குக் கீழே "பிலாத்து எனக்கு வந்துருச்சு"ன்னு பெருமை வேற. அது பிலாட்டீஸ்டி, பாய்ல படுத்துச் செய்ற உடற்பயிற்சி. பிலாத்து பைபிள்ல கையைக் கழுவின ஆளு. நம்ம ஜெசி பார்த்தா அவளும் கையைக் கழுவிடுவா.

நீ பண்ணினதுக்குப் பேர் ரோல் அப். முதுகெலும்பு சங்கிலி மாதிரி ஒவ்வொரு கண்ணியா தரையை விட்டு எழணும், அதே மாதிரி ஒவ்வொன்னா படுக்கணும். உனக்கு எழுந்தது பலகை. கை வீசின வேகமும் தொடை மடிப்புத் தசையும்தான் உன்னை இழுத்துச்சு. ரெண்டு அடையாளம் சொல்றேன், வீடியோவை மறுபடி பாரு. எழும்போது குதிகால் தரையை விட்டுக் கிளம்புது, வயிறு நடுவுல மேடு தட்டுது. அந்த இழுப்பு முழுக்க இடுப்புலதான் இறங்கும். காலையில இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு சொன்னியே, வேற எதைத் தேடப் போறே?

தையல் மெஷின் முன்னாடி எட்டு மணி நேரம் உட்கார்ற உடம்புக்கு அது ஆரம்பப் பாடம் இல்லை. தலை நாலரை, அஞ்சு கிலோ இருக்கும். அஞ்சு கிலோ அரிசிப் பையை நெஞ்சோட அணைச்சுத் தூக்கு, பிறகு கையை நீட்டித் தூக்கிப் பாரு. ஊசிமுனையைப் பார்க்கக் கழுத்தை நீட்டுறப்போ பிடரி படுற பாடு அதுதான். தோள் முன்னால வந்து நெஞ்சுத் தசை இறுகிப்போகுது, நடுமுதுகு மரத்துப்போகுது, தொடை மடிப்பு சுருங்கிப்போகுது, புட்டத்துத் தசை தூங்கிப்போகுது. அதுக்காக டிரில் டீச்சர் சொன்ன மாதிரி நெஞ்சை நிமிர்த்தி விறைப்பா உட்காராதே. விலா முன்னால துருத்தி இடுப்பு வளையும், பத்து நிமிஷத்துல பழையபடி சரிஞ்சுடுவே. சரியான உட்காரும் விதம்னு ஒன்னே ஒன்னு கிடையாது. எதுலயும் அசையாம கிடக்கிறதுதான் வினை. ஒரு ப்ளவுஸுக்குக் கை வெச்சு முடிச்சதும் எழுந்திரு, அது போதும்.

இனி பாடத்துக்கு வர்றேன். கோரைப்பாய் வழுக்கும், மெலிசு. அதை எடுத்துட்டு ஜமுக்காளத்தை நாலா மடிச்சுப் போடு. வாங்கணும்னா 10 மில்லிமீட்டருக்குக் குறையாத விரிப்பு வாங்கு. யோகா விரிப்பு 4லிருந்து 6 மில்லிமீட்டர்தான், முதுகெலும்பை உருட்டுற வேலைக்கு அது உறுத்தும்.

படுக்கிறதுக்கு முன்னாடி மூச்சு. இதுக்கு உன்கிட்ட இருக்கிற சாமான் எந்த ஸ்டுடியோவுலயும் கிடையாது: இஞ்ச் டேப். ஸ்டூல்ல உட்கார்ந்து, ப்ளவுஸுக்கு அளவெடுக்கிற மாதிரி மார்புக்குக் கீழே விலாவைச் சுத்திப் பிடி. மூச்சை முழுசா விட்டுட்டு அளவைப் பாரு. இப்போ மூக்கால இழு. தோள் காதுகிட்ட ஏறக் கூடாது, வயிறு பந்தாகக் கூடாது. விலா ரெண்டு பக்கமும், முதுகுப் பக்கமும் விரியணும். ஒரு இஞ்ச்கூடக் கூடலைன்னா பெரும்பாலும் நீ கழுத்தாலதான் மூச்சு விடுறே. பிடரி வலிக்கு அதுவும் கூட்டாளி.

மூச்சை விடும்போதுதான் வேலை. தொப்புளுக்குக் கீழே பாவாடை நாடாவை மெல்ல இறுக்குற மாதிரி அடிவயித்தைக் கூட்டு. ஒண்ணுக்கு அடக்குற மாதிரி கீழேயும் லேசா. லேசான்னா உன் பலத்துல கால்வாசிதான். தொந்தியை உள்ளே எக்கிப் பிடிக்கிறது இல்லை இது. எக்கினா மூச்சு நின்னுபோகும், வேலை கெட்டுப்போகும். இந்த நாடா இறுக்கம் உள்ளடுக்கு வயித்துத் தசையோடது, முதுகெலும்பைச் சுத்திக் கட்டின பெல்ட் மாதிரி. பிலாட்டீஸ் முழுக்க இது மேலதான் நிக்குது.

அப்புறம் மல்லாந்து படு, முழங்காலை மடக்கு. குதிகாலுக்கும் புட்டத்துக்கும் ஒன்றரை சாண். முகவாய் மேலே தூக்கிச்சுன்னா தலைக்குக் கீழே துண்டை மடிச்சு வை, உனக்கு வேணும். உள்ளங்கையின் அடிப்பாகம் இடுப்பெலும்பு முனையில, விரல் நுனி கீழே அந்தரங்க எலும்புல. அந்த முக்கோணம் மட்டமா இருக்கணும், தண்ணி டம்ளர் வெச்சா சாயாத மாதிரி. இடுப்புக்குக் கீழே இட்லி போகக் கூடாது, தோசை போகலாம். அதைக் கெடுக்காம, மூச்சை விட்டபடி ஒரு காலைத் தூக்கு, முழங்கால் இடுப்புக்கு நேர் மேலே வரட்டும். இறக்கு, அடுத்த கால். பக்கத்துக்கு அஞ்சு. அற்பமா தெரியும். டம்ளர் சாயாம அஞ்சு பண்ணிட்டு எனக்குச் சொல்லு.

அது வந்ததும் இடுப்பைத் தூக்குற பிரிட்ஜ், ஆறு தடவை. பின்தொடையில குரக்குவலி இழுத்தா குதிகால் தூரமா போயிருச்சுன்னு அர்த்தம். அப்புறம் குப்புறப் படுத்து, நெற்றியில இருந்து நெஞ்செலும்பு வரைக்கும் மட்டும் ரெண்டு இஞ்ச் எழுப்பு. மெஷின் வளைச்ச முதுகுக்கு இதுதான் மாற்று. நூறு எண்ணிக்கை வரைக்கும் போற 'ஹண்ட்ரட்' பயிற்சி வேணும்னா தலையைத் தரையிலேயே வெச்சுச் செய். கையை மேலும் கீழும் தட்டிக்கிட்டே அஞ்சு எண்ணிக்கைக்கு இழு, அஞ்சுக்கு விடு. முழுசா பத்துச் சுத்து, உனக்கு இப்போ மூணு போதும். வாரத்துக்கு மூணு நாள், இருபது நிமிஷம்.

சுமதி சொல்றான்னு உயரம் கூடும், தொந்தி கரையும்னு நம்பாதே. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுற காக்ரேன் மதிப்பாய்வு ஒன்னு 2015-ல் வந்துச்சு. நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பெரிசா ஒன்னும் செய்யாம இருக்கிறதைவிட பிலாட்டீஸ் நல்லதுன்னுதான் அது சொல்லுது, மத்த உடற்பயிற்சிகளைவிட உசத்தின்னு சொல்லலை. தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்கிறதை நிறுத்திடாதே, வாரத்துக்கு 150 நிமிஷம் அது தனிக்கணக்கு. பொம்பளைங்க இளைக்கிறதுக்கு வந்த வித்தைன்னு உங்க வீட்டுக்காரர் கேலி பண்ணினா இதைச் சொல்லு. 1883-ல் ஜெர்மனியில பிறந்த, சின்ன வயசுல சீக்காளியா இருந்த ஜோசப் பிலாட்டீஸ்ங்கிற ஆம்பளை உண்டாக்கினது. முதல் உலகப் போர்ல இங்கிலாந்துக்காரங்க அவரை முகாம்ல அடைச்சு வெச்சப்போ மத்த கைதிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவரு. பிறகு நியூயார்க்ல கடை விரிச்சாரு.

இப்போ விளையாட்டை விட்டுட்டு ஒன்னு சொல்றேன், கேளு. வீடியோவுல உனக்குப் பின்னாடி அத்தையும் குனிஞ்சு கால் விரலைத் தொடப் பார்க்கிறாங்க. போன ஐப்பசியில கொல்லைப்படியில சும்மா சறுக்கினதுக்கே மணிக்கட்டு முறிஞ்சவங்க அவங்க. எலும்பு தேஞ்சிருக்குன்னு சந்தேகப்படணும். அப்படிப்பட்ட முதுகை முன்னால சுருட்டினா முதுகெலும்புக் கட்டை நசுங்கி உடையலாம். ரோல் அப், தலை தூக்குற ஹண்ட்ரட், கால் விரலைத் தொடுறது எதுவும் அவங்களுக்கு வேண்டாம். முதல்ல எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லு. டாக்டர் சரின்னு சொன்ன பிறகு, சமையல் மேடையைப் பிடிச்சுக் குதிகாலைத் தூக்கி இறக்கட்டும், பத்து தடவை. சுவரை ரெண்டு கையால தள்ளட்டும். உனக்கும் ஒன்னு: வலி கால்ல இறங்கி மரத்தாலோ, பாதம் தூக்க வராம தொங்கினாலோ, ஒண்ணுக்குப் போறது கட்டுப்படலைன்னாலோ, என் கடிதத்துக்குக் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

அடுத்த வீடியோவைப் பக்கவாட்டுல எடு. போனைத் தரையில தகரப்பெட்டி மேல சாய்ச்சு வை. நைட்டி வேண்டாம், விலா தெரியாது, உடம்பைப் பிடிக்கிற சுடிதார் போடு. காலைத் தூக்குறது மட்டும் அஞ்சு, டம்ளர் கதையோட.

அத்தைக்கு வணக்கம், குட்டிக்கு ஒரு குட்டு. என் ரெண்டு ப்ளவுஸ் பங்குனியில இருந்து உன் அலமாரியில கிடக்கு, அதையும் இந்த வாரம் முடிச்சுடு, கழுத்தை நீட்டாம.

உன்,
செல்வி