ஆறாம் வகுப்பில் குச்சி, எட்டாம் வகுப்பில் மரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியம், நீச்சல், சதுரங்கம் என்றிருந்த கோடை முகாம்களில் இப்போது போன்சாயும், அதாவது தட்டில் குட்டை மரம் வளர்க்கும் கலையும், சேர்ந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் காலையில் ஜப்பானைப் பற்றிப் பத்து நிமிடப் பேச்சு, மதியத்துக்குள் ஒரு ஜூனிபர் செடிக்குக் கம்பி சுற்றிப் பீங்கான் தட்டில் வைத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புவது என்கிற முறை சரியல்ல. ஜூனிபர் குளிர்காலம் கண்டு வளரும் செடி. நம் வீட்டு வரவேற்பறை மேசையில் அது மூன்று வாரம் பச்சையாகவே நிற்கும். உண்மையில் அதற்குள் செத்திருக்கும். பட்டுப்போன பிறகும் சில வாரம் அதன் நிறம் மாறாது. 'என் கைக்குச் செடி வராது' என்பதுதான் பிள்ளை கற்றுக்கொண்ட பாடமாக மிஞ்சும்.

நம் நடுநிலைப் பள்ளிகளின் மூன்று ஆண்டுகள் இந்தக் கலைக்கு அளந்து வைத்தது போல இருக்கின்றன. ஆறாம் வகுப்பில் குச்சி நடுவது, ஏழில் உருவம் கொடுப்பது, எட்டில் தட்டுக்கு மாற்றுவது. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்கள் இதைச் செய்யலாம்.

செடிக்கு வெளியூர் போக வேண்டாம். மதகுச் சுவரிலும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் யாரும் நடாமலே முளைத்து நிற்கிற ஆல், அரசு, இச்சி இவைதான் முதல் மரங்கள். மைனாவும் குயிலும் பழத்தைத் தின்று எச்சத்தில் விதையைப் போட்டதால் வந்தவை என்பதே ஒரு வகுப்புக்குப் போதும். காப்புக்காட்டிலிருந்து செடி பிடுங்குவது குற்றம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து மழை பிடித்ததும் இச்சிக் கொம்பில் பென்சிலைவிடச் சற்றுத் தடித்த, ஒரு சாண் நீளக் குச்சிகளைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு குச்சியாவது வேண்டும், ஒன்று பட்டுப்போனாலும் ஒன்று நிற்கும். வெட்டிய இடத்தில் பால் வடியும். கண்ணில் படக் கூடாது. கழுவி, அரை மணி நேரம் நிழலில் வைத்துச் செடிப் பையில் நடலாம். உச்சியில் இரண்டு இலை போதும், அதையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். வேரில்லாத குச்சியால் முழு இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் விடும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பதுதான் எல்லாப் பிள்ளைகளும் செய்யும் முதல் தப்பு. புதுத் துளிர் இலையாக விரிந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆண்டு முழுக்கப் பையிலேயே தன் போக்கில் வளரட்டும். தண்டு பருக்க வேறு வழி கிடையாது.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தட்டுக்குப் போகும் செடிகள் பெரும்பாலும் மண்ணால்தான் சாகின்றன. பாத்திரம் தேய்க்கும் ஸ்பஞ்சைத் தண்ணீரில் முக்கிக் கிடையாகப் பிடியுங்கள். சொட்டிச் சொட்டி நின்றுவிடும். அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மறுபடி தண்ணீர் ஒழுகும். ஆழமில்லாத தட்டும் கிடையாகப் பிடித்த ஸ்பஞ்சுதான். உயரம் குறையக் குறைய, அடியில் தேங்கும் ஈரத்தின் பங்கு கூடும். அதில் தோட்டத்துச் செம்மண்ணை அள்ளிப் போட்டால் ஐப்பசி மழையில் வேர் அழுகாமல் என்ன செய்யும்? ஜப்பானில் இதற்காகவே அகடாமா என்ற குருணை மண் உண்டு. நமக்கு உடைந்த செங்கல் இருக்கிறது. மிளகுக்கும் பட்டாணிக்கும் இடைப்பட்ட அளவில் உடைத்து, தூளைச் சலித்துக் கழித்துவிட்டு, செங்கல் இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலக்கலாம். 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழமுள்ள தட்டுக்கு இரண்டு லிட்டருக்குள் ஆகும். முப்பது பிள்ளைகளுக்கு 20 லிட்டர் பெயின்ட் வாளியில் மூன்று வாளி. தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறதே என்று தட்டில் போடாதீர்கள். நம் மழைக்கு அது காயவே காயாது.

ஏழாம் வகுப்பில் கம்பி. அலுமினியக் கம்பி, 1.5 முதல் 2.5 மி.மீ., கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு. 45 பாகைச் சாய்வில் சுற்ற வேண்டும். நெருக்கிச் சுற்றினால் பிடிக்காது. மழைக்காலத்தில் இச்சி வேகமாகப் பருக்கும். நான்காவது வாரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்து, பட்டையில் பதியும் முன் கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். கம்பியை மிச்சப்படுத்த நினைத்துப் சுற்றைப் பிரித்து எடுத்தால் கிளை ஒடியும்.

உருவத்துக்கு எந்தப் படத்தையும் காட்ட வேண்டியதில்லை. பிள்ளைகளை ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக்கும் முப்பந்தலுக்கும் அழைத்துப் போய், காற்றாலைகளின் நடுவே ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் மரங்களை வரையச் சொல்லுங்கள். ஜப்பானியர் இந்த உருவத்தை ஃபுக்கினகாஷி என்பார்கள், காற்று அடித்துச் சாய்த்த பாணி. தண்டை மட்டும் சாய்த்துவிட்டுக் கிளைகளை இரு பக்கமும் விட்டுவிடுவதுதான் இதில் வழக்கமான பிழை. காற்று தண்டை மட்டும் பார்த்து அடிக்குமா?

போன் என்றால் ஆழமில்லாத தட்டு, சாய் என்றால் நடுவது. கலை சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. அங்கே வீட்டின் டோக்கோனோமா என்ற மாடத்தில் ஒரு தொங்கு சித்திரத்தோடு ஒரே ஒரு மரத்தை வைப்பார்கள். சுற்றிலும் வெறுமையாக விடுவதும் அந்தக் காட்சியில் சேர்த்தி. ஆனால் பார்த்து முடிந்ததும் மரம் வெளியே வெயிலுக்குப் போய்விடும். நம்மூரில் டிவி மேல் வைத்துவிட்டு இலை கொட்டுகிறது என்று புலம்புகிறோம். கூட்டமாக நடும்போது நான்கு மரம் வைக்க மாட்டார்கள். நான்கைக் குறிக்கும் 'ஷி' என்ற ஒலி சாவையும் குறிக்கும்.

ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாளன்று பல பள்ளிகளில் காகிதக் கொக்கு மடிக்கிறார்கள். அன்று யமாகி பைன் மரத்தைப் பற்றியும் சொல்லலாம். 1625-லிருந்து தட்டில் வளர்க்கப்படுவது. மதுரையில் திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. 1945-இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 3 கி.மீ. தொலைவில் இருந்தும், தோட்டத்துச் சுவரின் மறைவில் தப்பியது. 1976-இல் யமாகி குடும்பத்தார் அதை, குண்டு போட்ட அமெரிக்காவுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். அது பிழைத்த கதை, 2001-இல் அந்தக் குடும்பத்துப் பேரன்மார் வாஷிங்டனுக்குப் போய்ச் சொன்ன பிறகுதான் அங்கே தெரிந்தது.

மரத்தைப் பட்டினி போட்டுச் சித்திரவதை செய்வதுதானே இது என்று சில பெற்றோர் கேட்பார்கள். பட்டினி போட்டால் தட்டில் எதுவும் பிழைக்காது. மாதம் ஒருமுறை நீர்த்த உரம், ஆறு எட்டு இலை விட்டதும் இரண்டு இலைக்குக் கிள்ளுவது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேர் கத்தரிப்பது என்று பராமரிப்பு இதற்கு அதிகம்தான்.

எட்டாம் வகுப்பு ஜூனில் தட்டுக்கு மாற்றும்போது வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். மரத்தைக் கம்பியால் தட்டோடு கட்டிவிடுங்கள். நம் மேல்காற்றில் மரம் ஆடினால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். இரண்டு வாரம் நிழல், ஒரு மாதம் உரம் கிடையாது. தண்ணீர் ஊற்றும் முன் ஒரு ஈர்க்குச்சியை மண்ணில் குத்தி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். ஈரக்கறை இருந்தால் அன்று வேண்டாம். கடலோரப் பள்ளிகளில் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது நல்லது.

ஏப்ரல், மே விடுமுறைக்கு வழி செய்யாமல் இந்த வகுப்பைத் தொடங்க வேண்டாம். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். முடியாதவர்களின் செடிகளைப் பள்ளியில் மர நிழலில் விளிம்பு வரை மண்ணில் புதைத்து வைத்தால், ஒருவர் மாலையில் குழாய் பிடித்தாலே போதும். அடித்துளை வழியாக வேர் கீழே இறங்கியிருக்கும். ஜூனில் வெட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
போன்சாய் வளர்ப்போர் சிலர்,
நாகர்கோவில்.